தொண்ணூறு டிகிரி

"எத்தனை டிகிரியில போட்டீங்க?"

"தொண்ணூறு."

"தொண்ணூறா?" என்றேன்.

"பின்ன? நாப்பதுல போட்டா அந்த வாடை போகுமா தம்பி? ஊறவெச்சேன். வெள்ளப் பவுடர் கொஞ்சம் போட்டேன். ரெண்டு அலசு. கடைசியில ஆவியில அஞ்சு நிமிசம். இப்ப மோந்து பாருங்க. கைக்குழந்தைக்குப் போத்தலாம்."

சூசையண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். எதிரே நின்ற மனிதர் நீட்டிய ஆரஞ்சு நிறக் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேய்த்து நாலாக மடித்திருந்த கோட்டு. கழுத்துப் பட்டியை விரித்துப் பார்த்தவர் முகத்தில் கலைந்தது தூக்கம் மட்டுமல்ல.

"யோவ், உன்னை எவன்யா துவைக்கச் சொன்னான்?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் மதிய வேலை முடிச்சு அசந்து தூங்குதிய. வந்த எடத்துல சும்மா எப்படி இருக்கது? ஒரு உபகாரமா இருக்கட்டுமேன்னு..."

"உபகாரம்" என்றார் சூசையண்ணன். அந்தச் சொல்லை வாய்க்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். "தவசி, இந்த ஆளு நமக்கு உபகாரம் பண்ணியிருக்காரு."

நான் ஏற்கெனவே என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் நான் மையால் வைத்திருந்த ஆறு புள்ளிகளும் அந்தச் சூட்டில் வெளிறிப்போயிருந்தன. ஒரு துவைப்புக்கு ஒரு புள்ளி. மூன்று வருடத்தில் ஆறே புள்ளிகள். அந்தக் கஞ்சத்தனத்தை நினைத்து நான் பெருமைப்பட்டதுண்டு. நாடு திரும்ப எனக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

வந்தவர் பெயர் பொன்னுலிங்கம். நாற்பத்தாறு வயது. அன்று காலை விமானத்தில் வந்து, மதியம் எங்கள் லாண்டரிக் கொட்டகையில் இறக்கிவிடப்பட்டவர். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் ஆப்பரேஷன் தியேட்டர் துணி துவைத்தவர் என்று பிறகு தெரிந்தது. அங்கே எல்லாத் துணிக்கும் ஒரே சூடு, தொண்ணூறு டிகிரி. அவர் கையால் போன துணியில் ஒரு நோயாளிக்கும் கிருமி தொற்றியதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிரும்.

"அண்ணே, உக்காருங்க" என்றேன். "ஒங்களுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லலையா?"

"நாளைக்குக் காலையில கிளாஸ் எடுப்பாங்கன்னாங்க."

"அந்த கிளாஸ நான் இப்ப எடுக்கறேன்" என்று சூசையண்ணன் எழுந்து அவரை ஜன்னலுக்கு இழுத்துப்போனார். "அங்க பாரு. என்ன தெரியுது?"

"மணலு."

"மணலுக்கு அந்தாண்ட?"

"கம்பிவேலி. ரெண்டு கம்பம். கம்பத்து மேல என்னமோ தலை மாதிரி..."

"அதுதான் ஆந்தை."

எங்கள் லாண்டரி, பட்டாள முகாமின் உள்வேலிக்கு வெளியே இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் நாங்களும். சிப்பாய்கள் உள்ளே. இடையில், எங்கள் நடைக்கு இருநூற்று அறுபது காலடி வெட்டவெளி. அதில் பலகை போட்ட ஒரு பாதை. துவைத்த துணியை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்து, அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை. அந்த வெளியில் உயிருள்ள எது நடந்தாலும் ஆந்தை தலையைத் திருப்பிப் பார்க்கும். தன் ஆள் இல்லையென்றால் சுடும். பின்னால் உட்கார்ந்து பொத்தான் அழுத்த மனிதர் யாரும் கிடையாது. நரியைச் சுடும். ஒரு முறை, வழி தவறி வந்த ஒட்டகத்தைச் சுட்டது.

"நம்ம ஆளு, வேத்தாளுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பொன்னுலிங்கம்.

"மூஞ்சியப் பாத்து இல்ல. துணியப் பாத்து. சிப்பாய் சட்டை பூராவும் ஒரு இழை ஓடுது. நம்ம கோட்டுலயும் ஓடுது. ஒடம்பு சூடும் வேர்வை உப்பும் பட்டா அந்த இழை முழிச்சுக்கும். முழிச்சு, நான் இன்னாருன்னு ஆந்தைக்குச் சொல்லும். அது பாத்துட்டுத் திரும்பிக்கும்."

"சரி."

"என்ன சரி? அந்த இழை பச்சத் தண்ணியில நாப்பது துவைப்புதான் தாங்கும். சிப்பாய்க்கு நாப்பது முடிஞ்சதும் புதுசு குடுத்து பழச எரிச்சிடுவான். நமக்குக் கம்பெனி குடுக்கறது மூணு வருசத்துக்கு ஒரு கோட்டு. அதனால நாங்க துவைக்கறதில்ல. வெயில்ல போடுவோம், மணல்ல பொரட்டி உதறுவோம். ஊரு பூரா துணி துவைச்சுட்டு நாங்க நாறிட்டு அலையறோம். அந்த நாத்தம்தான்யா எங்க உசுரு. நீ அதை வெந்நியில போட்டு அவிச்சு, வெள்ளப் பவுடரும் போட்டு..."



பொன்னுலிங்கம் வேலியைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப இழை செத்துப்போச்சா?"

"யாருக்குத் தெரியும்?"

"பாக்கறதுக்கு மெஷின் ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கு. உள்ள இருக்கு. அதுகிட்டப் போகணும்னா ஆந்தையத் தாண்டணும். போனாலும், எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்பான். இழையக் கெடுத்தா அது வேலை தப்பு இல்ல, பாதுகாப்புத் தப்பு. எதிராளிக்கு உதவி பண்ணின மாதிரி. தெக்கு வேலி லாண்டரியில வேலாயுதம்னு ஒருத்தன் இருந்தான். கோட்டுல கம்பி குத்திக் கிழிஞ்சுதுன்னு ஊசி நூல் வச்சுத் தைச்சான். விசாரணைன்னு கூட்டிட்டுப் போனாங்க. பதினாலு மாசமா ஒரு கண்டெய்னருக்குள்ள உக்காந்திருக்கான். விசாரணை முடியற வரைக்கும் அவன்கூட வேலை பாத்தவன் எவனும் விமானம் ஏற முடியாது. அவனோட சேத்து ரெண்டு பேருக்கு ஊருக்குப் போறது நின்னுபோச்சு."

அதைச் சொல்லும்போது சூசையண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியதில்லை.

"ஏன் அண்ணாச்சி, பட்டாளத்துச் சட்டை இத்தன மூட்டை கிடக்கே. அதுல ஒண்ணப் போட்டுட்டுப் போனா?"

"அதுல அந்தச் சிப்பாய் பேரு இருக்கு. அவன் உள்ள ஒரு சட்டை போட்டிருப்பான்ல? ஒரே பேரு ரெண்டு எடத்துல தெரிஞ்சா, ரெண்டும் பொய்னு எடுத்துக்கும். ரெண்டையும் சுடும்."

பொன்னுலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரும் முன் கட்டிலைத் தட்டி மணலை உதறினார். அந்த நிலைமையிலும்.

சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னது சூசையண்ணன்தான். சாயங்காலம் முதல் நடைக்கு முன் செய்தோம். உலர்த்தியிலிருந்து சுடச்சுட எடுத்த துண்டுகளை, சமையலறை உப்பு கரைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்டினோம். துண்டில் இழை கிடையாது. மூட்டைக்கு மேல் சூசையண்ணனின் கோட்டை மாட்டினோம். அவருடையதில்தான் புள்ளி அதிகம், பதினேழு. வண்டியில் நிறுத்தி, பின்னால் துணிக்கொடிக் கயிற்றைக் கட்டி, பலகைச் சரிவில் வண்டியைத் தள்ளிவிட்டோம்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்ல?" என்றார் சூசையண்ணன், தன் கோட்டோடு போகும் மூட்டையைப் பார்த்து.

முப்பது அடி போயிருக்கும். ஆந்தை தலையைத் திருப்பியது. வழக்கமாகப் பார்த்தவுடன் திரும்பிவிடும். அன்று பார்த்துக்கொண்டே இருந்தது. புத்தகத்தில் விளங்காத ஒரு வரியை மறுபடி படிப்பவரைப்போல. பிறகு மூன்று முறை சுட்டது. துண்டுகளிலிருந்து ஆவி பறந்தது.

கயிற்றை இழுத்து வண்டியைக் கொட்டகைக்குள் சேர்த்து, கோட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்த பிறகுதான் ஜீப் வந்தது. இளம் சார்ஜன்ட் ஒருவன் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். காற்றில் துண்டு பறந்துவிட்டது என்றேன் நான், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவன் ஓட்டை விழுந்த துண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். "எதிரி ஒருவன் ஒழிந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். உடனே திரும்பி வந்து, "இன்று வாசனையாக இருக்கிறீர்களே" என்றும் சொன்னான்.

சூசையண்ணன் தன் கோட்டில் விழுந்த மூன்று ஓட்டைகளிலும் விரலை விட்டுப் பார்த்தார். மூன்றும் நெஞ்சுக்கு நேரே.

"உன்னோடதையும் பாத்துடலாமா?" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை சத்தம் கேட்டால் சந்தேகம் வரும் என்றேன். அது உண்மைதான். ஆனால் இழை உயிரோடிருந்தால் சத்தமே கேட்காது. சுட்டால்தானே சத்தம். அதை நாங்கள் மூவரும் யோசித்தோம், யாரும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பது ஒரு நிழல் மாதிரி. அதிலிருந்து வெளியே வர எனக்கு மனமில்லை.

அப்போதுதான் பொன்னுலிங்கம் எழுந்தார்.

"என் கோட்டு புதுசுலா. காலையில குடுத்தது. அழுக்கு இல்லன்னு அத நான் துவைக்கல."

கட்டிலின் தலைமாட்டில் அது பாலிதீன் உறைக்குள்ளேயே இருந்தது. அழுக்கானதை எல்லாம் துவைத்துவிட்டு, அழுக்கில்லாததை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார்.

"மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்" என்றார் சூசையண்ணன். "ஆந்தைக்குத் துணிதானே கணக்கு. ஆளுக்கு நாலு நடை."

"இல்ல அண்ணாச்சி. நான் பண்ணுன தப்பு. பன்னெண்டையும் நானே நடக்கேன். தம்பி ஊருக்குப் போற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். அதுக்குப் பெறவு என்ன வந்தாலும் என் தலையில போடுங்க."

நாங்கள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் நாலு, மதியம் நாலு, மாலையில் நாலு. வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. ஏற்றிய வண்டி மணலில் சக்கரம் புதைந்து நின்றால் தோளால் முட்டித் தள்ள வேண்டும். பொன்னுலிங்கம் உயரமில்லை, உடம்புமில்லை. போகும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவார். சாமி பெயர் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டால், "கணக்கு தம்பி, அடிக்கணக்கு. எரநூத்தி அறுபதுன்னு சொன்னிய. எனக்கு முன்னூத்தி நாலு வருது. நீங்க கால எட்டி வைக்கிய" என்றார்.

நாங்கள் உள்ளே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டோம். உள்ளே மின்விசிறி உண்டு. சிப்பாய்களின் சட்டைப்பையிலிருந்து மணலும் மிட்டாய்த்தாளும் எடுப்போம். ஒருவன் பையில் தினமும் ஒரு ஆலிவ் கொட்டை இருக்கும். அந்த நாட்களில்தான் எனக்கு மூன்று வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் கண் அயர்ந்தது. மெஷின் ஓடும் சத்தத்தைக் கடல் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். விழிக்கும்போது கதவருகே அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டும். "எத்தனையாவது?" என்று கேட்பேன். கேட்பதே ஒரு உதவி என்பதுபோல.

மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "கழுத்துப் பட்டிய மட்டும் லேசா பச்சத் தண்ணியில அலசிக்கிடவா? நாப்பது தாங்கும்னியளே. ஒண்ணுதான."

"மூச்சு விடாத" என்றார் சூசையண்ணன். "மூணு உசுருக்கு ஒரு கோட்டு. அதுல தண்ணி பட்டா ஒன் கைய ஒடிப்பேன்."

"வாடை வருது அண்ணாச்சி. எனக்கே என்ன சகிக்கல."

"பழகிடும். எங்களுக்குப் பழகல?"

அன்றிலிருந்து, வேலை முடிந்ததும் சூசையண்ணன் அவர் கோட்டைக் கழற்றி வாங்கித் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பொன்னுலிங்கம் அசதியில் எங்கே எப்படிச் சுருண்டு விழுகிறார் என்று நாங்கள் பார்த்ததில்லை. கோட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தோம். ஒரு நாள் அவர் வண்டியோடு தடுக்கி விழுந்தபோது சூசையண்ணன் வாசலிலிருந்து கத்தியது, "கோட்டு கிழிஞ்சுதா?" என்றுதான். முட்டியில் ரத்தம் வழிய எழுந்த பொன்னுலிங்கம், கோட்டை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டு, கிழியவில்லை என்று கையை ஆட்டினார்.

ஒரு வாரத்தில் அவர் கழுத்திலும் அக்குளிலும் தோல் சிவந்து பொரிந்துவிட்டது. புண்ணைச் சொரிய மாட்டார். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிக்கொள்வார். அந்தத் துணியை மட்டும் தொண்ணூறு டிகிரியில் போட்டு எடுப்பார்.

"ஒங்க வீட்டம்மா எப்படித்தான் ஒங்ககூட குப்பை கொட்டினாங்களோ" என்றேன் ஒரு நாள்.

"அவ என்ன விட மோசம் தம்பி. வெங்காயத்த சோப்பு போட்டுக் கழுவுவா." சிரித்தார். சிரிக்கும்போது உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

ஒன்பதாம் நாள் விடியலில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சூசையண்ணன் கொதிகலனைப் பற்றவைக்க எழுந்து போயிருந்தார். பொன்னுலிங்கத்தின் கோட்டை வழக்கம்போலக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போயிருந்தார். "முதல் நடைய நான் போறேண்ணே, படுங்க" என்றேன். இன்னும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. கொக்கியில் இரண்டு கோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின, என்னுடையதும் அவருடையதும். வந்த புதிதில் அவருடையது தனியாகத் தெரியும். இப்போது அப்படி இல்லை; சார்ஜன்ட் வாசனை பிடித்ததிலிருந்து என்னுடையதையும் மணலில் புரட்டி, வியர்க்க வியர்க்கப் போட்டு அழுக்காக்கியிருந்தேன். ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

பல நாளைக்குப் பிறகு நடந்ததால் அந்த வெளி எனக்குப் புதிதாக இருந்தது. விடியலில் மணல் சாம்பல் நிறமாகவும், தரையே ஒரு பெரிய விலங்கு மூச்சடக்கிப் படுத்திருப்பதுபோலவும் தெரிந்தது. ஆந்தை தலையைத் திருப்பியது, பார்த்தது, திரும்பிக்கொண்டது. துணியைக் கொடுத்துவிட்டு, அழுக்கை ஏற்றிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

கொட்டகைக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான் கழுத்துப் பட்டியைப் பார்த்தேன்.

வெளிறிய ஆறு புள்ளிகள்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். என் கோட்டு உயிரோடு இருந்தது. தொண்ணூறு டிகிரியையும் வெள்ளைப் பவுடரையும் தாண்டி, என் மூன்று வருடக் கஞ்சத்தனம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

எழுந்து போய், அதைக் கொக்கியில் அவருடைய கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். பொன்னுலிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குள் பல பதில்களைத் தயார் செய்துகொண்டேன். ஒரு முறை தாண்டியது மறுமுறை தாண்டும் என்று என்ன நிச்சயம்? பாதி செத்த இழை ஒரு நாள் பேசும், ஒரு நாள் பேசாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விடியல் குளிரில் பேசியது மதிய வெயிலில் பேசாமல் போகலாம். எல்லாம் நியாயமான பதில்கள். ஆனால் சொன்னால் இரண்டு கோட்டு ஆகும். இரண்டு கோட்டு ஆனால் அவருக்கு ஆறு நடை, எனக்கு ஆறு நடை. எனக்கு மிச்சம் ஏழு நாள். அதுதான் அடியில் கிடந்த பதில். மற்றவை அதன் மேல் மடித்து வைத்த துணிகள்.

அன்றைய பகல் நடைகளைச் சூசையண்ணன் அவருடைய கோட்டில் போய்வர, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் காய்ச்சல் குறைந்து அவரே எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தார். இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நடந்தார். அதற்கு மறுநாள் ஒன்பதாவது நடையில் வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடியே மண்டியிட்டு விழுந்தார். பாதி வெளியில். நாங்கள் போய்த் தூக்க முடியாது. சூசையண்ணனால் நிஜமாகவே முடியாது. நான் அவர் பக்கத்தில், முடியாதவனைப்போல நின்றுகொண்டிருந்தேன். "எந்திரி பொன்னு, எந்திரிப்பா" என்று சூசையண்ணன் கத்தக் கத்த, கால் மணி நேரம் கழித்து அவர் தவழ்ந்து வந்து சேர்ந்தார்.

அன்று மிச்சமிருந்த நடைகளை அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் சூசையண்ணனும் மாற்றி மாற்றிப் போனோம். மறுநாளும் அப்படியே. நான் நடந்தேன். ஆனால் அவருடைய கோட்டில்.

அந்த இரண்டு நாளும் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. சிறுநீர் பழுப்பாகப் போனது. தியேட்டர் துணி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நடக்க முடியுதா?" என்றான் அவன்.

"கஷ்டம் சார்."

"முடியுமா, முடியாதா?"

"பிடிச்சுக்கிட்டா..."

"அப்ப முகாமுக்கு உள்ள இருக்கற கிளினிக்குக்கு நடந்து வரச் சொல்லு. ஆம்புலன்ஸ் பட்டாளத்துக்கு மட்டும்தான். முடியாதுன்னா எழுதிக் குடு, உள்ளேருந்து ஆளு வந்து விசாரிச்சுட்டுத் தூக்கிட்டுப் போவாங்க."

விசாரிக்க வருபவர்கள் முதலில் கோட்டுகளைத்தான் கேட்பார்கள். கட்டிலுக்கு அடியில் மூன்று ஓட்டையோடு ஒன்று கிடந்தது. "அப்புறம் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். அவர் தானே போய்ச் சேர்ந்தாலும் கஷ்டம்தான். கிளினிக்கில் படுக்கவைத்தால் கோட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆள் வெளியே வரும்போதுதான் கோட்டும் வரும். வண்டி நின்றுவிடும். வண்டி நின்ற ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்துவிடும்.

"நாலு நாள்" என்றார் சூசையண்ணன், என்னிடம் தனியாக. "நாலு நாள் தாங்குவான். நீ விமானம் ஏறினதும் நானே எழுதிக் குடுத்துடறேன். வேலாயுதம் பக்கத்துல எனக்கும் ஒரு எடம் இருக்கும்." சிரிக்கப் பார்த்தார். "நீ போயிடு, அது போதும்." அவர் என்னை நல்லவன் என்று நம்பிச் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் தாங்கினேன்.

மறுநாள் காலை. சூசையண்ணன் இயந்திர அறையில் இருந்தார். அங்கே இருப்பவருக்கு இங்கே பேசுவது கேட்காது. முதல் நடை என்னுடையது. வண்டியில் துணியை அடுக்கி முடித்து, பொன்னுலிங்கத்தின் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். அது இப்போது என் உடம்பைப்போலவே நாறியது. அல்லது நான் அவரைப்போல நாறினேன்.

"தம்பி."

அவர் கண்கள் திறந்திருந்தன. இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவை தெளிவாக இருந்தன.

"தண்ணியாண்ணே?"

"வேண்டாம். இங்கன வாங்க. கொஞ்சம் கிட்டக்க."

வண்டியை விட்டுவிட்டுப் போனேன். குனிந்தேன். வாடைக்காக அவர் தன் வாயை விரலால் மூடிக்கொண்டு பேசினார்.

"இது காய்ச்ச இல்ல தம்பி. ஆஸ்பத்திரியில எத்தன பேரப் பாத்திருக்கேன். மூத்திரம் அந்த நெறத்துல போனா பெறவு ரெண்டு நாளு, மூணு நாளு. இன்னைக்குப் போயி பாட்டில் ஏத்துனா பொழச்சிக்கிடுவேன். நாளைக்குன்னா கஷ்டம்."

"மூணு நாள் பொறுத்துக்கிட்டா..."

"நீங்க ஊருக்குப் போகணும். எனக்குத் தெரியும். நான் இல்லங்கல." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு விடியக்காலம் நீங்க மொத நடைக்குப் போனியள்லா. எனக்கு ஒறக்கம் இல்ல. கொக்கியத்தான் பாத்துட்டே கிடந்தேன். நீங்க போன பெறவும் என் கோட்டு அங்கனயேதான் தொங்குச்சு. கீழ் பொத்தான் ரெண்டும் நான் விழுந்தப்ப ஓரம் ஒடஞ்சது, எனக்குத் தெரியாதா? நீங்க ஒங்கதப் போட்டுட்டுப் போயிட்டியேன்னு நெஞ்சு அடிச்சிக்கிட்டு. வேட்டுச் சத்தம் கேட்டுறக் கூடாதுன்னு காதப் பொத்திக்கிட்டேன். பெறவு வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய என் கோட்டைப் பார்த்தேன்.

"வந்து சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல. சரி, தம்பிக்கு பயமா இருக்கும், இருக்கத்தான செய்யும்னு விட்டுட்டேன். அண்ணாச்சிட்ட நான் மூச்சு விடல. இனியும் விட மாட்டேன். ஒங்க கோட்டும் உசுரோட இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுதுன்னு அவர்ட்ட சொல்லிக்கிடுங்க. மிச்ச நாளு ஒங்கதுல ரெண்டு பேரும் மாறி மாறி நடந்துக்கிடலாம்."

வெளியே, உள்வேலிப் பக்கம், காலைத் துணிக்கான மணி அடித்தது. நான் வர வேண்டிய நேரம்.

பொன்னுலிங்கம் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்து, என் மேலிருந்த கோட்டின் கீழ்ப் பொத்தானைத் தொட்டார். இழுக்கவில்லை. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

"என்னால நடக்க முடியாது தம்பி. எண்ணிப் பாத்துட்டேன், முன்னூத்தி நாலு. முடியாது. இத எனக்குக் குடுத்துட்டு, ஒங்க கோட்டப் போட்டுக்கிட்டு, அந்தத் துணிக்கு மேல என்ன வெச்சு, அந்தாண்ட வரைக்கும் கொஞ்சம் தள்ளிட்டுப் போயி விட்டுருதியளா?"